சுரஞ்சன் தாஸ் ரோடு: பெங்களூரு பெயர்ப் பலகையில் இருக்கும் அந்த டெஸ்ட் பைலட் யார்?

பெங்களூரில் இந்திரா நகர், மாரத்தஹள்ளி பக்கம் வேலைக்குப் போய் வருபவர் என்றால் இந்தப் பெயரை நீங்கள் நூறு முறையாவது பார்த்திருப்பீர்கள். ஓல்டு மெட்ராஸ் ரோட்டையும் பழைய ஏர்போர்ட் ரோட்டையும் இணைக்கும் சாலை அது. கேப் டிரைவருக்கு ஒரு ஷார்ட்கட், உங்கள் மொபைல் மேப்பில் பெரும்பாலும் சிவப்புக் கோடு. பெயர், சுரஞ்சன் தாஸ் ரோடு.

யாரோ ஒரு பழைய அரசியல்வாதி என்று நினைத்திருந்தால், இல்லை. இந்தியா சொந்தமாக உருவாக்கிய முதல் ஜெட் போர் விமானத்தை முதன்முதலில் வானில் ஏற்றிய டெஸ்ட் பைலட் அவர். அந்த விமானத்தின் புதிய வடிவம் ஒன்றைச் சோதித்தபோது, 1970 ஜனவரி 10 அன்று, இதே ஊரில் உயிரிழந்தார்.

அவர் கதையைப் புரிந்துகொள்ள ரெண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, விமானத்தின் சக்கரங்கள், அதாவது லேண்டிங் கியர். இன்னொன்று, இரண்டு எஞ்சின் இருப்பதால் உண்மையில் எவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது என்கிற கணக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போக நீங்கள் ஏறும் ஏடிஆர் விமானத்திலும் இதே ரெண்டும்தான் உங்களைச் சுமக்கின்றன.

நீதிபதி வீட்டுப் பிள்ளை

சுரஞ்சன் தாஸ் 1920இல் பிறந்தவர். அப்பா சுதி ரஞ்சன் தாஸ், பின்னாளில் இந்தியாவின் ஐந்தாவது தலைமை நீதிபதி ஆனவர். சாந்திநிகேதனில் படித்து, பிறகு அதே விஸ்வபாரதிக்குத் துணைவேந்தராகவும் இருந்தவர். அப்படி ஒரு வீட்டில் பிறந்த பையன் கறுப்புக் கோட்டு போடுவான் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் போட்டது விமானப்படைச் சீருடை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பைலட் ஆனார். போர் முடிந்து நாடு விடுதலை அடைந்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் எம்பயர் டெஸ்ட் பைலட்ஸ் ஸ்கூலுக்குப் பயிற்சிக்குப் போன தொடக்ககால இந்தியர்களில் ஒருவர். 1943இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் உலகில் டெஸ்ட் பைலட்களுக்கென்று உருவான முதல் பள்ளி.

டெஸ்ட் பைலட் என்றதும் சினிமாவில் வருகிற துணிச்சல்காரர் உங்கள் நினைவுக்கு வரலாம். நிஜத்தில் அது பெரும்பாலும் அளவெடுக்கிற வேலை. எந்த வேகத்தில் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிறது, எந்தக் காற்றழுத்தத்தில் கட்டுப்பாடு கனக்கிறது, பிரேக் பிடித்தால் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று ஒவ்வொன்றையும் பறந்து பார்த்து, முழங்காலில் கட்டிய அட்டையில் குறித்துக்கொண்டு வர வேண்டும். சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ப்ரொடக்‌ஷனுக்குப் போகும் முன் உடைத்துப் பார்க்கிற ஆள். என்ன, இங்கே ரோல்-பேக் பட்டன் கிடையாது.

பெங்களூருக்கு வந்த ஜெர்மானியர்

1940இல் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய விமான ஆலைதான் இன்றைய ஹெச்ஏஎல். 1950களின் நடுவில் இந்திய விமானப்படை ஒரு பெரிய கனவு கண்டது. ஒலியின் வேகத்தைப் போல இருமடங்கு வேகத்தில் பறக்கும் போர் விமானம், அதுவும் உள்நாட்டில் செய்தது. ஆனால் ஜெட் போர் விமானத்தை அடியிலிருந்து வடிவமைத்த அனுபவம் இங்கே யாருக்கும் இல்லை. அதனால் 1956இல் குர்ட் டாங்க் என்கிற ஜெர்மன் வடிவமைப்பாளரை அழைத்தார்கள். உலகப் போரில் புகழ்பெற்ற ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தின் மூளை அவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவில் வேலை பார்த்துவிட்டு, தன் குழுவினரோடு பெங்களூரு வந்தார்.

அதே காலகட்டத்தில் சென்னை எம்ஐடியில் படிப்பை முடித்துவிட்டு ஹெச்ஏஎல்லில் எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பயிற்சியாளராக இருந்தார் ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர். அப்துல் கலாம்தான். அந்த நாட்களின் பெங்களூரு அப்படி ஒரு ஊராக இருந்தது.

டாங்க் வரைந்த விமானத்தின் பெயர் ஹெச்எஃப்-24 மாருத். காற்றைக் குறிக்கும் சொல், நம் மாருதத்தின் உறவுக்காரன். ஒருவர் மட்டும் அமரும் சிறிய விமானம், பின்பக்கம் உடலுக்குள்ளேயே அக்கம்பக்கமாக இரண்டு எஞ்சின்கள்.

முதலில் உடைந்தது முன்சக்கரம்

எஞ்சின் வைத்துப் பறப்பதற்கு முன் டாங்க் குழு ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. அதே அளவு, அதே வடிவம், அதே கட்டுப்பாட்டுத் தகடுகளோடு மரத்தில் ஒரு கிளைடர் செய்தார்கள். பெயர் எக்ஸ்-241. எஞ்சின் கிடையாது. டகோட்டா விமானம் ஒன்று கயிறு கட்டி மேலே இழுத்துப் போகும், உயரத்தில் விட்டுவிடும், கிளைடர் சறுக்கிக்கொண்டே இறங்கும். 1959இல் பறக்கத் தொடங்கி, சுமார் ஓராண்டில் எழுபதுக்கும் மேற்பட்ட முறை இப்படிப் பறந்தது. கடைசிப் பறப்பில் தரையிறங்கும்போது முன்சக்கரம் வெளியே வரவில்லை. கிளைடருக்குப் பலத்த சேதம்.

இங்கே கொஞ்சம் நின்று லேண்டிங் கியர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் விமானத்தில் நாம் அதிகம் கவனிக்காத, ஆனால் மிகக் கடுமையாக உழைக்கும் உறுப்பு அதுதான்.

விமானத்தின் எடையில் சுமார் 3 முதல் 6 சதவீதம் லேண்டிங் கியருடையது. பறக்கும் நேரம் முழுக்க அது வெறும் சுமை. ஆனால் தரையைத் தொடும் அந்தச் சில விநாடிகளில் மொத்த விமானத்தின் இறங்கு வேகத்தையும் அதுதான் விழுங்க வேண்டும். அதற்காகத்தான் அதன் கால் ஒரு குழாய்க்குள் குழாயாக இருக்கிறது. உள்ளே எண்ணெய், அதற்கு மேல் அழுத்தப்பட்ட நைட்ரஜன். தரை இடிக்கும்போது எண்ணெய் ஒரு சிறு துளை வழியாகப் பிதுங்கிப் போகிறது, அதில் அதிர்ச்சியின் ஆற்றல் சூடாக மாறிக் கரைகிறது. வாயு ஸ்பிரிங் மாதிரி தாங்குகிறது. வெறும் ஸ்பிரிங் மட்டும் வைத்தால் என்ன ஆகும்? பந்து மாதிரி விமானம் திரும்பவும் மேலே துள்ளும்.

மடக்கும் வகை என்றால் இன்னும் சிக்கல். ஹைட்ராலிக் அழுத்தம் காலை உள்ளே இழுக்கிறது, மேலே ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது, கதவு மூடுகிறது. இறங்கும்போது இந்த வரிசை தலைகீழாக நடக்க வேண்டும். கதவு திறந்து, கொக்கி விட்டு, கால் கீழே வந்து, வளையாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். காக்பிட்டில் மூன்று பச்சை விளக்கு எரிந்தால் மூன்று காலும் பூட்டிவிட்டது என்று அர்த்தம். இரண்டு பச்சை என்பது 66 சதவீத வெற்றி இல்லை, அது ஒரு அவசரநிலை.

விளக்கு எரியாவிட்டால் எஞ்சின் உள்ள விமானத்தின் பைலட் என்ன செய்வார்? மேலே ஏறி வட்டமடிப்பார். பல்ப் ஃப்யூஸா என்று பார்ப்பார். அவசரகால வழியைப் பயன்படுத்துவார். சில விமானங்களில் கொக்கியை விடுவித்தால் போதும், கால் தன் எடையிலேயே விழும். முன்சக்கரம் முன்பக்கமாக மடங்கும் வகை என்றால் எதிர்க்காற்றே அதைக் கீழே தள்ளிப் பூட்ட உதவும். சிலவற்றில் தனியாக அழுத்தப்பட்ட வாயு பாட்டில் இருக்கும், சிலவற்றில் கையால் அடிக்கும் பம்ப் இருக்கும். இதெல்லாம் செய்ய நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாங்கித் தருவது எஞ்சின்.

கிளைடரில் அதுதான் இல்லை. ஒருமுறை இறங்கத் தொடங்கினால் இறங்கித்தான் ஆக வேண்டும். எக்ஸ்-241இன் கதை எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். லேண்டிங் கியரின் பாதுகாப்பு சக்கரத்தில் மட்டும் இல்லை, சக்கரம் சரியில்லை என்று தெரிந்த பிறகு யோசிக்க எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதிலும் இருக்கிறது.

அந்த கிளைடரை இழுத்துப் போன டகோட்டாவைப் பற்றியும் ஒரு சேதி இருக்கு. உலகப் போரின்போது அமெரிக்காவில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரம் மடங்கி வயிற்றில் விழுந்தன. பைலட்கள் கவனக்குறைவு என்றார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்கிற இளம் உளவியலாளர் 1943இல் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இறக்கை மடிப்பை இயக்கும் சுவிட்சும் சக்கரத்தை மடக்கும் சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. களைத்துப்போன கை மாற்றித் தட்டிவிட்டது. ஆனால் டகோட்டாவில் இந்தக் குழப்பம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, ஏனென்றால் அதில் இரண்டும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு விதத்தில் இயங்கின. சபானிஸ் சக்கர லீவரின் முனையில் சின்ன ரப்பர் சக்கரம் ஒட்டினார், மற்றதில் இறக்கைத் துண்டு வடிவம். இன்றும் விமானங்களின் கியர் லீவர் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது, விதிமுறையே அப்படி. யூஎக்ஸ் வேலை செய்பவர்கள் உங்கள் துறையின் குலதெய்வத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1961 ஜூன் 17

அன்றைக்குத்தான் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் மாருத்தின் முதல் மாதிரி விமானத்தை பெங்களூரு ஓடுபாதையிலிருந்து எழுப்பினார். வயது 41.

முதல் பறப்பு என்பது ஒரே நாளில் நடப்பதில்லை. அதற்கு முன் ஓடுபாதையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு வேகமாக ஓட்டி, மூக்கை மட்டும் தூக்கி, திரும்ப இறக்கி, பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். முன்சக்கரம் ஆடுகிறதா என்பது முக்கியமான கேள்வி. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியின் முன்சக்கரம் சில நேரம் படபடவென்று இரண்டு பக்கமும் உதறும் இல்லையா? அதே உதறல் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் காலையே முறித்துவிடும். இதற்கு ஷிம்மி என்று பெயர், அதை அடக்க ஒரு சின்ன டேம்பர் வைக்கிறார்கள்.

பொதுவாகவே புது விமானத்தின் முதல் பறப்பில் சக்கரத்தை மடக்குவதில்லை. ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும். மடக்கினால் திரும்ப வருமா என்கிற ஒரு கவலையை முதல் நாளே எதற்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும்?

1964இல் ஹெச்ஏஎல்லின் இன்னொரு ஜெட்டுக்கும் தாஸ்தான் முதல் பைலட். வி.எம்.காட்கே தலைமையில் உருவான கிரண் பயிற்சி விமானம் அது. பின்னர் பல தலைமுறை விமானப்படை பைலட்கள் பறக்கக் கற்றுக்கொண்டது அதில்தான். ஒரே மனிதர் ஒரு நாட்டின் முதல் ஜெட் போர் விமானத்தையும் முதல் ஜெட் பயிற்சி விமானத்தையும் முதன்முதலில் பறக்கவிட்டிருக்கிறார். இதைப் பள்ளிப் புத்தகத்தில் எங்கேயும் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

கனவு ஒன்று, எஞ்சின் வேறு

மாருத்தின் பிரச்னை சக்கரத்தில் இல்லை. அதன் உடல் அழகான, வேகமான வடிவம். பறந்தவர்கள் அதன் கையாளும் தன்மையைப் பாராட்டினார்கள். குறை எல்லாம் எஞ்சினில்.

டாங்க் மனதில் வைத்திருந்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 என்கிற வலுவான எஞ்சின். அதன் உருவாக்கச் செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை, பிரிட்டனும் கைவிட்டது, இந்திய அரசும் பணம் போடவில்லை. கடைசியில் கையில் இருந்த ஆர்ஃபியஸ் 703ஐப் பொருத்தினார்கள். ஒன்று சுமார் 2,200 கிலோ உந்துவிசை, அவ்ளோதான். இருமடங்கு ஒலிவேகத்துக்காக வரைந்த விமானம் ஒலிவேகத்தை எட்டவே திணறியது. சோவியத் எஞ்சினைப் பார்த்தார்கள். எகிப்து தயாரித்துக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்தார்கள், அதற்காக ஒரு மாருத் எகிப்து வரை போய்ப் பறந்தது. எதுவும் கைகூடவில்லை.

இரண்டு எஞ்சின் இருந்தும் உந்துவிசை போதவில்லை என்றால் என்ன ஆபத்து? இதற்கு ஒரு குடும்பக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கு ஐம்பதாயிரம் சம்பளம். வாடகை, சாப்பாடு, இஎம்ஐ எல்லாம் சேர்ந்து மாதச் செலவு நாற்பதாயிரம். மிச்சம் அறுபதாயிரம். ஒருவருக்கு வேலை போகிறது. வருமானம் பாதியானது, சரி. மிச்சம் பாதியாகிறதா? இல்லை. வெறும் பத்தாயிரம். அதாவது ஆறில் ஐந்து பங்கு காணாமல் போய்விட்டது.

விமானத்தில் அந்த மிச்சம்தான் மேலே ஏறும் சக்தி. இரண்டு எஞ்சின் கொண்ட சிறு விமானத்தில் ஒன்று நின்றால், இழப்பது பாதி உந்துவிசை. ஆனால் ஏறும் திறனில் சுமார் 80 சதவீதம் போய்விடும் என்று பைலட்களுக்குச் சொல்லித் தருவது இந்தக் கணக்கால்தான்.

இப்போது சக்கரத்தை உள்ளே கொண்டுவாருங்கள். டேக்-ஆஃப் ஆன அடுத்த விநாடிகளில் சக்கரங்கள் இன்னும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். காற்றில் அவை இழுக்கும் இழுப்பு, நம் கணக்கில் திடீரென்று வந்த கூடுதல் பத்தாயிரம் செலவு. மிச்சம் பூஜ்யம். விமானம் ஏறாது. கதவு திறந்து கால் மடங்கும் நேரத்தில் இழுப்பு சில விமானங்களில் இன்னும் கொஞ்சம் கூடும். அதனால்தான் விமானம் நிச்சயமாக ஏறுகிறது என்று கருவியில் பார்த்த உடனே சக்கரத்தை மடக்குகிறார்கள், அதற்கு முன் தொடுவதில்லை. உங்கள் ஏடிஆர் கிளம்பிய சில விநாடிகளில் காலடியில் கேட்கும் அந்த டொம் என்ற சத்தம் இந்தக் கணக்கின் சத்தம்.

இன்னொரு சங்கதி. இரண்டு எஞ்சின் என்றால் எல்லாமே இரண்டு என்று எண்ணிவிடக் கூடாது. பைப்பர் அப்பாச்சி போன்ற பழைய சிறு விமானங்களில் சக்கரத்தை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் இடது எஞ்சினில் மட்டுமே இருந்தது. இடது எஞ்சின் நின்றால் சக்கரத்தை மடக்க பைலட் ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் பம்ப் அடிக்க வேண்டும்!

மாருத்தில் எஞ்சின்கள் உடலுக்குள் ஒட்டி இருந்ததால், ஒன்று நின்றால் விமானம் ஒரு பக்கமாகச் சுழன்று திரும்பும் ஆபத்து குறைவு. இறக்கையில் எஞ்சின் தொங்கும் சிறு விமானங்களில் அதுதான் பைலட்டைக் கொல்லும் முதல் எதிரி. ஆனால் மொத்த உந்துவிசையே குறைவு என்கிற அடிப்படைக் கணக்கை எந்த வடிவமைப்பாலும் மாற்ற முடியாது.

பெங்களூரும் இதில் உதவி செய்வதில்லை. உங்களுக்குப் பிடித்த அந்தக் குளுகுளு வானிலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஊர் இருப்பதால் வருகிறது. அதே உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட எட்டு சதவீதம் அளவுக்குக் குறைவு. எஞ்சின் விழுங்கும் காற்று குறைவு, இறக்கைக்குக் கிடைக்கும் பிடிப்பும் குறைவு. சென்னையில் கிளம்பும் விமானத்தைவிட பெங்களூரில் கிளம்பும் விமானம் அதிக தூரம் ஓடித்தான் எழ வேண்டும்.

1970 ஜனவரி 10

வெளிநாட்டு எஞ்சின் கிடைக்காது என்றான பிறகு, இருக்கிற எஞ்சினையே தட்டிக் கொட்டி வலுவாக்க முடிவு செய்தார்கள். 1959இல் தொடங்கிய ஜிடிஆர்இ என்ற பாதுகாப்புத் துறையின் எஞ்சின் ஆய்வகம் பெங்களூரில் இயங்கியது. அவர்கள் ஆர்ஃபியஸ் எஞ்சினுக்கு ரீஹீட் அமைப்பு செய்தார்கள். எஞ்சினின் பின்னால் வெளியேறும் சூடான வாயுவில் மறுபடி எரிபொருளைத் தெளித்து எரிப்பதுதான் ரீஹீட். உந்துவிசை ஒவ்வொரு எஞ்சினிலும் சுமார் 2,600 கிலோவாக உயர்ந்தது. ஆனால் ரீஹீட் குழாய்க்கு இடம் வேண்டும் என்பதால் விமானத்தின் பின்பகுதியைப் பெரிதாக்க வேண்டி வந்தது. பெரிதான பின்பகுதி காற்றில் அதிக இழுப்பைக் கொடுத்தது. ஒரு கையால் வாங்கியதை இன்னொரு கையால் கொடுத்த கதை.

இந்த ரீஹீட் மாருத்தைச் சோதிக்கும் பொறுப்பு குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸிடம் வந்தது. அப்போது அவர் ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பதவியில் இருப்பவர் மேசையில் உட்கார்ந்து இளையவர்களை அனுப்பியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். டெஸ்ட் பைலட் உலகின் வழக்கம் வேறு. தெரியாத விமானத்தில் அதிக அனுபவம் உள்ளவர்தான் முதலில் ஏறுவார்.

ஜனவரி 10 அன்று புறப்பட்ட சற்று நேரத்திலேயே விமானம் விழுந்தது. தாஸ் உயிர் பிழைக்கவில்லை.

டேக்-ஆஃப் ஏன் இத்தனை இரக்கமற்றது என்று மேலே போட்ட கணக்கைத் திரும்பிப் பார்த்தால் தெரியும். உயரம் இல்லை, வேகம் குறைவு, எரிபொருள் முழுசாக இருப்பதால் எடை அதிகம், சக்கரம் வெளியே அல்லது பாதி வழியில். எந்தக் கோளாறு வந்தாலும் அதை அடையாளம் காண, முடிவெடுக்க, கையை நகர்த்த மொத்தமாகக் கிடைப்பது விநாடிகள். கிளைடருக்குச் சொன்ன அதே குறை, யோசிக்க நேரம் இல்லை, இங்கே எஞ்சின் இருந்தும் வருகிறது.

அதே ஆண்டு அவருக்கு மறைவுக்குப் பின் பத்ம பூஷண் வழங்கப்பட்டது. மகனின் மரணத்தைப் பார்க்க 75 வயது அப்பா, முன்னாள் தலைமை நீதிபதி, உயிரோடு இருந்தார். அவர் காலமானது 1977இல்.

ரீஹீட் மாருத் கடைசி வரை படையில் சேரவில்லை. வழக்கமாக இந்தக் கதையை மாருத் தோற்றுவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஞ்சினுக்குப் பணம் ஒதுக்காதது ஒரு மேசை முடிவு. அதன் விலையை ஓடுபாதையில் ஒருவர் கொடுத்தார். விமானத்தின் மீது மட்டும் பழி போட்டால் அந்த மேசை தப்பித்துவிடுகிறது.

அவர் இறந்து 23 மாதம் கழித்து

1971 டிசம்பரில் போர் வந்தது. ராஜஸ்தான் எல்லையில் மாருத்கள் தாக்குதலுக்குப் போயின. லோங்கேவாலா போர்க்களத்தின் மேலும் பறந்தன. தரையிலிருந்து வந்த குண்டுகளில் எஞ்சின் ஒன்று அடிபட்டும், மிச்சமிருந்த ஒற்றை எஞ்சினோடு தளம் திரும்பிய மாருத்கள் உண்டு. ஒன்று எதிரி எல்லைக்குள் சுமார் 150 மைல் ஆழத்திலிருந்து துணை விமானம் கூட இல்லாமல் அப்படித் திரும்பி வந்தது. நம் குடும்பக் கணக்கில் அந்தப் பத்தாயிரம் மிச்சம் இருக்கிறதே, உயரத்திலும் வேகத்திலும் இருக்கும் விமானத்துக்கு அது வீடு வந்து சேரப் போதுமானது. ஒற்றை எஞ்சினில் எந்த வேகத்தில் பறக்க வேண்டும் என்பது போன்ற எண்கள் பைலட் கையேட்டில் தானாக வருவதில்லை. யாரோ முன்னால் பறந்து அளந்துவிட்டு வர வேண்டும்.

மொத்தம் 147 மாருத்கள் தயாராயின. 1990 வாக்கில் கடைசி விமானங்களும் ஓய்வு பெற்றன.

இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்றை நிறுத்திப் பார்க்கும் சோதனை இன்றும் அதே அளவு கடினம். இதே பெங்களூரின் என்ஏஎல் உருவாக்கிய சரஸ் என்ற சிறு பயணிகள் விமானம் 2009 மார்ச் 6 அன்று பிடதி அருகே விழுந்து, விமானப்படையைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். வானில் ஒரு எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி உயிர்ப்பிக்கும் சோதனைப் பறப்பு அது.

விமானப்படையின் டெஸ்ட் பைலட் பள்ளி 1973இல் தொடங்கியது, அதுவும் பெங்களூரில்தான். ஒவ்வொரு பயிற்சி அணியிலும் எல்லா வகையிலும் சிறந்து விளங்கும் மாணவ பைலட்டுக்குக் கொடுக்கும் கோப்பையின் பெயர் சுரஞ்சன் தாஸ் டிராஃபி.

மாருத்தை நேரில் பார்க்க விரும்பினால் தூரம் போக வேண்டாம். பழைய ஏர்போர்ட் ரோட்டில் உள்ள ஹெச்ஏஎல் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது, கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் வெளியிலும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் மூக்கோடு செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் கொஞ்சம் குனிந்து சக்கரத்தின் காலைப் பாருங்கள். குழாய்க்குள் குழாயாக, பளபளப்பான ஒரு பகுதி உள்ளே நுழைவது தெரியும். அங்கேதான் எண்ணெயும் நைட்ரஜனும் இருக்க வேண்டும். பிறகு பின்பக்கம் போய் அந்த இரண்டு வட்டங்களைப் பாருங்கள். அவற்றுக்கிடையே உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்று தெரியும்.